பச்சை நிறத்தில் பன்னிரண்டு வருஷம்

“ஊர்ல உள்ள அத்தனை பேருக்கும் வாய் கிழியப் புத்தி சொல்லுதே, உனக்கு என்ன வேணும்னு ஒருத்தி கேட்டா மட்டும் பேந்தப் பேந்த முழிக்கே.” சேமிப்புத் திட்டம் போட்டுக்கொடுக்கிற வினோலியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனதும் ஒரு தடவை, நடுவில் வந்த போனைப் பேசி முடித்துவிட்டு ஒரு தடவை, இப்போது கண்ணாடி மேசையில் விரலால் தட்டிக்கொண்டே மூன்றாவது தடவை. ஒரு சொல் மாறவில்லை. ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு வசனம் பிடித்துப்போனால் ஜெபமாலை மணி மாதிரி உருட்டிக்கொண்டே இருப்பார். அவர் மனைவி ஜெசிந்தாவிடம் பதில் இல்லாமல் இல்லை. உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும், காலையில இட்லியா தோசையான்னு கேட்டா எதுன்னாலும் சரிம்பீங்க, தட்டுல வச்ச பிறகு மூஞ்சியைத் தூக்குவீங்க என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கதவு பாதி திறந்திருந்தது, பக்கத்து அறையில் அந்தப் பெண் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள், மெஷின் இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. சண்டையை வீட்டுக்கு எடுத்துப்போகலாம், எங்கேயும் ஓடிவிடாது. கீழே பேக்கரி. மக்ரூன் வேகிற வாசனை, முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்து கருகப் பார்க்கிற அந்த ஓர வாசனை, ஏசிக் குளிரோடு கலந்து வந்துகொண்டிருந்தது. சுகர்க்காரரைக் கூட்டிவந்து இப்படி ஒரு வாசனையில் உட்காரவைத்து, நாளைக்காக இன்றைக்கு வாயைக் கட்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல இடம் பார்த்தார்கள் ஆபீஸ் போட. அவர் மூக்கு இரண்டு தடவை விரிந்ததை அவள் பார்த்தாள். போகும்போது வாசலில் நிற்பார், பிள்ளைகளுக்கு என்பார், பிள்ளைகள் இரண்டும் ஊரிலேயே இல்லை. பேச்சை மாற்றாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வினோலியா கேட்டுவிட்டுப் போன கேள்வி அப்படியேதான் இருக்கிறது. உங்களுக்குன்னு ஒரு லட்சியம் சொல்லுங்க மேடம். அவள் முழித்தாள்தான். பேந்தப் பேந்தத்தான் முழித்தாள்.

போன வாரம் வந்தபோதே வினோலியா சொல்லி அனுப்பியிருந்தாள், இரண்டு பேரும் ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்காமல் எழுதிக்கொண்டு வரவேண்டும், வாழ்க்கையில் நீண்ட காலத்துக்கு என்னென்ன வேண்டும் என்று. துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வாங்கித் தருகிற மனுஷன், அவருக்கு எழுதத் தெரியாமலா. மகன் ஆல்ட்ரினுக்கு ஜெர்மனியில் மேல்படிப்பு, மகள் பெனிட்டாவுக்குக் கல்யாணம், புறநகரில் வாங்கிப்போட்ட மனையில் லிஃப்ட் வைத்த வீடு, மூன்றுக்கும் எதிரே வருஷம், மூன்றுக்கும் எதிரே தொகை, அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. ஜெசிந்தா எழுதியது குக்கர் மூன்றாவது விசில் வைப்பதற்குள். மகனுக்கு நல்ல புத்தி. மகளுக்குக் குடிக்காத மாப்பிள்ளை. கணவருக்குச் சுகர் இறங்க. வீட்டில் சமாதானம். எழுதி முடித்து மடிக்கும்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை, தான் எழுதியிருப்பது மாதா கோயில் நவநாளில் பெட்டிக்குள் போடுகிற விண்ணப்பச் சீட்டு என்று. கை பழகிப்போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எழுதுகிற கை, அதற்கும் முன்னால் கான்வென்ட் ஹாஸ்டலில் பரீட்சைக்கு முந்தின வாரம் எழுதிய கை. சிஸ்டர் கபிரியேல் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது, கேட்பதென்றால் முதலில் பிறருக்குக் கேள், காகிதத்தில் இடம் மிச்சம் இருந்தால் உனக்குக் கேள். காகிதத்தில் என்றைக்கு இடம் மிச்சம் இருந்திருக்கிறது. மாமியார் முழங்கால், நாத்தனார் வீட்டு வழக்கு, ஆல்ட்ரினின் கணக்குப் பரீட்சை, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வேலை, எழுதி எழுதி ஓரத்துக்கு வந்து எழுத்து எறும்பாகி முடிந்துபோகும். வினோலியா அந்தச் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கலாம், சிரித்திருந்தால் ஜெசிந்தா ஒரே போடாகப் போட்டு உட்காரவைத்திருப்பாள். அந்தப் பெண் பெனிட்டாவைவிட நாலைந்து வயது மூத்திருந்தால் அதிகம், கழுத்தில் ஒரு மெல்லிய செயின், நகத்தில் பூச்சு இல்லை. அவள் சிரிக்கவில்லை. “எல்லாமே நல்லாருக்கு மேடம். ஆனா எப்ப வேணும், எவ்வளவு வேணும், இது ரெண்டும் சேர்ந்தாத்தான் லட்சியம்” என்றாள் மெதுவாக. எப்ப, எவ்வளவு. ஜெசிந்தாவுக்கு உச்சந்தலையில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஒரு கை அள்ளி வைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக மாதாவும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. பாதி விண்ணப்பம் இன்னும் கிடப்பில் கிடக்கிறதே, இதனால்தானா. வருஷத்தைப் போட்டுக் கேட்கலாமா ஒருத்தி. தேதி போட்டு, இவ்வளவு என்று அளந்து, கேட்கலாமா. யாரும் திட்டமாட்டார்களா.

மெஷின் நின்றது, காகிதம் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது, மூடியைத் திறந்து மூடுகிற சத்தம். எதிர்ச்சுவரில் பெரிய டிவித் திரையை வினோலியா அணைக்காமல் போயிருந்தாள். அதில் அந்தக் கோடு, மாசாமாசம் போடுகிற பணம் வருஷம் போகப்போக வளர்வதைக் காட்டுகிற கோடு. முதலில் பார்த்தபோது ஜெசிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது, இதென்ன இழவு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது, சோம்பேறிப் பயல் மத்தியானம் படுத்திருக்கிற மாதிரி. வருஷக்கணக்காக அப்படியே கிடந்தது. பிறகு தலையை லேசாகத் தூக்கியது. பிறகு கையை ஊன்றியது. பிறகு எழுந்தது பாருங்கள், திரையின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டு போனது. நடுவில் நீங்க ஒண்ணும் கூட்டிப் போடலை மேடம், அதே தொகைதான் மாசாமாசம், எடுக்காம விட்டா வட்டிக்கும் வட்டி, மிச்சமெல்லாம் காலம் செய்யுற வேலை என்றாளே வினோலியா. காலம் செய்கிற வேலையை ஜெசிந்தா தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்து நிறையப் பார்த்திருக்கிறாள். உப்புக்காற்று கேட்டைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், வருஷம் தவறாமல் பெயின்ட் அடித்தாலும் கீல் இற்று ஒருநாள் கையோடு வரும். காலம் என்றால் துரு. காலம் என்றால் முழங்கால், பல், சுவரில் ஏறுகிற ஓதம். அந்தக் காலம் ஒரு மூலையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது, ஒன்றை இப்படிக் கட்டி எழுப்பிக்கொண்டிருக்குமா. சிஸ்டர் கபிரியேல் ஞானோபதேச வகுப்பில் நித்தியம் என்றால் என்ன என்று விளக்கினது நினைவுக்கு வந்தது. ஜன்னல் வழியே தூரத்தில் அளங்களில் உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடியிருப்பார்கள், அதைக் காட்டி, ஒரு எறும்பு வருஷத்துக்கு ஒரு பரல் வீதம் அந்தக் குவியல்கள் அத்தனையையும் தூக்கி முடித்தாலும் நித்தியம் இன்னும் ஆரம்பித்திருக்காது என்றார்கள். அன்றைக்கு ராத்திரி ஜெசிந்தா எறும்பை நினைத்துப் பயந்து தூங்கவில்லை. இங்கே அந்த எறும்பு திரும்பி வருகிறது. எடுத்ததை எல்லாம் கொண்டுவந்து வைக்கிறது, வைத்த பரல் ஒவ்வொன்றும் இன்னொரு பரலை ஈனுகிறது. அதே பயம் இன்றைக்கும் வந்தது, ஆனால் பயம் மட்டும் இல்லை. இப்படி ஒன்றைக் கோயிலுக்குள் காட்டியிருந்தால் முழங்கால் போட்டிருப்பாள். இங்கே கண்ணாடி மேசை, எதிரே ஒரு பிளாஸ்டிக் செடி, பக்கத்தில் கார்ச் சாவியால் காது குடைகிற புருஷன்.

கோட்டுக்குக் கீழே நிறம். அதைத்தான் அவள் வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தாள், இப்போது பார்த்தாள். இடது பக்கமிருந்து நெடுந்தூரத்துக்கு நீலம், அது இரண்டு பேரும் இருக்கிற வருஷங்கள். சாருக்கு இப்ப ஐம்பத்தேழு, எண்பத்தஞ்சு வரைக்கும் போடுறோம். மேடத்துக்கு ஐம்பது, பெண்கள் கொஞ்சம் கூடுதலா இருக்கிறதுதான் வழக்கம், தொண்ணூறு போடுறோம். பேருந்தில் சீட் போடுகிற மாதிரிப் போட்டாள். நீலம் முடிகிற இடத்தில் பச்சை ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷம். அது மேடம் தனியா இருக்கிற காலம், அப்பவும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, அதுக்குத்தான் இந்தத் திட்டமே என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள் பாவி. ஜெசிந்தா போகவில்லை. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். கரும்பச்சை இல்லை, கிளிப்பச்சையும் இல்லை, பிஞ்சு மாங்காயின் தோல் நிறம். பன்னிரண்டு வருஷம். அவள் கையில் இதுவரை முழுசாக ஒரு மத்தியானம் இருந்ததில்லை. எட்டிப் பார்த்தாள். காலை வைத்துப் பார்த்தாள். உள்ளே அலாரம் இல்லை. காலையில் விழிப்பு வரும்போது வரும். ராத்திரிக்கு ரொட்டியும் ஜாமும், நின்றுகொண்டே, தட்டுகூட இல்லாமல். கட்டிலின் இரண்டு பக்கமும் அவள் பக்கம், லைட்டை அணைக்கச் சொல்ல ஆள் இல்லை, கான்வென்ட் லைப்ரரியில் மணியடித்துப் பிடுங்கிக்கொண்ட இங்கிலீஷ் நாவல்களை எல்லாம் விட்ட பக்கத்திலிருந்து படிக்கலாம். சாயங்காலம் ஆட்டோ பிடித்துப் பழைய துறைமுகத்துக்குப் போய் உட்காரலாம், எங்கே போனே, ஏன் போனே, எப்ப வருவே என்று போன் வராது. சாம்பார் இல்லாத ஊர். சட்டையில் பட்டன் தைக்க வேண்டாத ஊர். எழுபத்தெட்டு வயதில் ஒருத்தி வெறுங்காலோடு தன் வீட்டுக்குள் நடக்கிறாள், தரை குளிர்ச்சியாக இருக்கிறது, யாருக்கும் பசிக்கவில்லை. இவ்வளவு சொத்து தனக்கு இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லையே. பணம் கிடக்கட்டும், பணத்தை அவள் பார்க்கவே இல்லை. வருஷங்கள். மாமியாருக்கு இது இருந்திருக்காது. அம்மாவுக்கு இருந்திருக்காது. இருந்திருந்தாலும் இப்படி நிறம் தீட்டி யாரும் காட்டியிருக்கமாட்டார்கள். மூச்சை இழுத்து விடவே பயமாக இருந்தது, விட்டால் அணைந்துவிடும் போல.

அப்போதுதான் அந்த ஓரத்தைப் பார்த்தாள். நீலம் நிற்கிறது, பச்சை தொடங்குகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. முடி அகலத்துக்குக்கூட ஒரு கறுப்புக் கோடு இல்லை. ஆஸ்பத்திரி இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, பெட்டி இல்லை, கோயில் மணி இல்லை, முப்பதாம் நாள் பூசை இல்லை, வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டு முடியாத அந்த முதல் வாரம் இல்லை. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு அவள் சும்மா நடந்து போயிருந்தாள். போகிற வழியில் அவரைத் தாண்டித்தான் போயிருக்கவேண்டும், தாண்டினது தெரியவே இல்லை. பக்கத்தில் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இடது மூக்கில் எப்போதும் ஒரு சின்ன விசில் உண்டு, ராத்திரியில் அது கேட்டால் எரிச்சல் வரும், கேட்காவிட்டால் எழுந்து உட்கார்ந்து பார்ப்பாள். அந்த விசில் இப்போது கேட்டது. ஞானோபதேசப் புத்தகத்துக்குள் கதைப்புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் சிஸ்டரின் உடுப்பு உரசுகிற சத்தம் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இந்த மனுஷன் இங்கே உட்கார்ந்து உயிரோடு காது குடைந்துகொண்டிருக்கும்போது நான் எங்கே போய்விட்டு வருகிறேன். சரி, நினைப்புத்தானே, யார் நினைக்கவில்லை. நினைப்புக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தால் தீர்ந்துவிடும். ஆனால் இது நினைப்பாக நிற்கப்போவதில்லை, பக்கத்து அறையில் காகிதமாக வந்துகொண்டிருக்கிறது, அடியில் இரண்டு கையெழுத்து. போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். நாளைக் காலையில் அவர் தட்டில் இட்லி வைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாத்திரை டப்பாவில் ஏழு நாளைக்கும் மாத்திரை போடுவது அவள் கைதான். அவர் அவளுக்குத் தெரியாமல் ஒரு லட்டு எடுக்கப் பார்க்கும்போது பிடுங்கிவைப்பதும் இதே கைதான். எண்பத்தஞ்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் கை என்ன கணக்குப் போடும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் என்ன ஆகும் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, லட்டுக்கு முன்னால் அந்தக் கை தயங்கினால். அவள் தன் கையைப் பார்த்தாள். மோதிரம் இறுகிப்போன, மஞ்சள் கறை போகாத, சாதாரணக் கை. அதன்மேல் அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. திரும்பித் திரையைப் பார்த்தாள். பச்சை அப்படியே இருந்தது, பிஞ்சு மாங்காய் நிறத்தில், அழகாக. அது இன்னும் பயமாக இருந்தது, அது இப்போதும் அழகாகவே இருந்தது.

வினோலியா நாலைந்து தாளோடும் ஒரு பேனாவோடும் வந்து உட்கார்ந்தாள், காகிதம் சிக்கிக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். ஏதாவது தோன்றியதா மேடம் என்றாள், தோன்றாவிட்டால் பரவாயில்லை, பிறகுகூடச் சேர்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த மாதமே ஆரம்பித்துவிடலாம் என்றாள். ஸ்தனிஸ்லாஸ் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார். அவருக்கு எதையும் முதலில் போட்டுப் பழக்கம்.

“இதுல வயசை மாத்த முடியுமாம்மா?” என்றாள் ஜெசிந்தா.

“முடியும் மேடம். உங்களுக்கா?”

“இவருக்கு. தொண்ணூத்தேழு போட்டுப் பாரு.”

பேனா காற்றில் நின்றது. என்னை எதுக்குட்டி அந்த வயசு வரைக்கும் இழுத்துக்கிட்டுத் திரியப் பாக்கே என்று அவர் சிரித்தார். வினோலியா விசைகளைத் தட்டினாள். பச்சை போயிற்று. ஒரு இமைப்பில், துடைத்த மாதிரி, பன்னிரண்டு வருஷமும் போயிற்று, நீலம் அவளுடைய தொண்ணூறு வரைக்கும் ஓடிப்போய் நின்றது. ஜெசிந்தாவின் நெஞ்சில் ஏதோ ஒன்று சின்னதாக விழுந்து உடைந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. பிறகு கோடு. ஏறிக்கொண்டிருந்தது மெல்லத் தளர்ந்தது, குனிந்தது, தரையைத் தொட்டது, தொட்ட இடத்திலிருந்து கடைசி வரைக்கும் சிவப்பு. இரண்டு பேருக்கும் வைத்தியம், இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள ஆள், அந்த வயதில் செலவு மூன்று மடங்காகும், கடைசி ஏழெட்டு வருஷத்துக்குப் போதாது என்று வினோலியா திரையைப் பார்த்தே சொன்னாள். வேண்டுமென்றால் சார் எழுதின மூன்று லட்சியத்தில் பெரிதாக ஒன்றை விடவேண்டிவரும் என்றாள்.

“பாத்தியா, நான் நேரத்துக்குப் போனாத்தான் உனக்கு லாபம்னு மெஷினே சொல்லிட்டு” என்றார் ஸ்தனிஸ்லாஸ். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. பழையபடியே போடும்மா, இவளுக்கு வேற வேலை இல்லை என்றார்.

இந்தச் சிவப்பு அவளை ஒன்றும் செய்யவில்லை. பற்றாக்குறையைப் பார்த்துப் பழகியவள், மாதக் கடைசியை எத்தனையோ தடவை நெஞ்சை நிமிர்த்திக் கடந்தவள். தொண்ணூற்றேழு வயதில் இந்த மனுஷன் எப்படி இருப்பார் என்று பார்க்க முயன்றாள், காது இன்னும் நீண்டிருக்கும், அதே வசனத்தை உருட்டிக்கொண்டிருப்பார், ஒரு சொல் மாறாமல், நாளுக்கு நூறு தடவை. பைத்தியம் பிடித்துவிடும். கடவுளே, நிச்சயமாகப் பைத்தியம் பிடித்துவிடும். எவ்வளவு நீளம். இத்தனை நீளத்துக்கு ஒருவனோடு இருக்க முடியுமா ஒருத்தி. பார்க்கப் பார்க்க நீலம் கடலாக அகன்றுகொண்டே போனது, அக்கரை தெரியவில்லை, அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

“அந்த லிஃப்ட் வீட்டை எடுத்துரும்மா” என்றாள்.

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். காலண்டர்த் தாளின் பின்பக்கம் எல்லாம் அவர் வரைந்து வரைந்து பார்த்த வீடு அது. வாசல் எந்தத் திசை, லிஃப்ட் எந்த மூலை, மாடியில் எந்த அறையிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். “லிஃப்டே உனக்குத்தானட்டி” என்றார். சண்டைக் குரலில்லை அது. “உன் முழங்காலுக்குத்தான்.”

அது அவளுக்குத் தெரியாது. இவ்வளவு காலம் அவர் வரைந்துகொண்டிருந்தது பெருமைக்கென்று நினைத்திருந்தாள், அதை வைத்து எத்தனை தடவை குத்தியிருப்பாள். எரிச்சலாக வந்தது, இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன இந்த மனுஷன். முழங்கால் கிடக்கட்டும். கீழேயே இருந்துகொள்ளலாம். மாடி இல்லாவிட்டால் லிஃப்ட் எதற்கு.

“வீட்டை எடுத்துட்டு, இவருக்குத் தொண்ணூத்தேழு போட்டுக் குடும்மா. நான் கேக்குறது அதுதான்.”

வினோலியாவின் விரல் மவுஸின் மேல் இருந்தது, அமுக்கவில்லை. அவள் சாரைப் பார்த்தாள். சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோட்டின் நடுவில் எங்கோ ஒரு குட்டி வீட்டுப் படம், அதன் ஓட்டுக்கூரையை. ஏசி ஒரு தடவை நின்று மறுபடி ஓடியது. இடது மூக்கில் விசில்.

“போடும்மா” என்றாள் ஜெசிந்தா மறுபடியும்.